ஆறாம் நாள் காய்ச்சல்

தலையணை உறைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாத்திரை அட்டை. பத்தில் மூன்றுதான் மிச்சம்.

முந்தாநாள் முழங்கால் வலி என்று சொல்லி வாங்கிவரச் சொன்னவர் அவள் புருஷன்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் அவள்தான் வாங்கிவந்து கொடுத்தாள். காய்ச்சல் மாத்திரை, வலிக்கும் கேட்கும், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். பாவி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்தவர் கழுத்தில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. சட்டை மட்டும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

விடியற்காலை போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கினாரே, கேட்டதற்குக் குளிர் என்றாரே. சித்திரை மாதத்தில் என்ன குளிர்?

இப்போதுதான் எல்லாம் விளங்கியது. தெர்மாமீட்டரோடு சிஸ்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒவ்வொரு தடவையும் வெந்நீர் வேண்டும் என்று அவளை வெளியே அனுப்பிவிடுகிறார். அவளும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து இன்றோடு ஆறு நாள். தையல் கசிந்தால் உள்ளே சீழ் பிடிக்கும், காய்ச்சல்தான் காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். உடனே பார்த்தால் காப்பாற்றிவிடலாமாம். விட்டால் உயிருக்கே ஆபத்தாம். எப்படியோ பிழைத்தாலும், அடுத்துக் கொடுக்கவேண்டிய கேன்சர் மருந்து தள்ளிப்போகும். இரண்டு மூன்று வருஷத்தில் நோய் திரும்பி வந்தாலும் வரலாம்.

அட்டையை அவர் கண்முன் நீட்டினாள்.

மந்திரமூர்த்தி டெய்லர் முப்பது வருஷமாக ஊருக்கே சட்டை தைத்தவர். அவருக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். அதையே சொன்னார்.

"பிரிச்சுத் தைச்ச துணி நிக்காது, வடிவு. இன்னொருக்க என் வயித்தப் பிரிக்க விடமாட்டேன். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புதோம்னு சொல்லிட்டாவ. நீ வாயத் திறக்காத."

சொல்லிவிட்டு அவள் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். தன்மேல் சத்தியம் செய்யச் சொன்னார்.

செய்தாள். வேறு என்ன செய்வாள்? அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயம். கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்து அவள் பார்த்ததில்லை.

சிஸ்டர் வார்டுக்குள் வந்து முதல் கட்டிலில் ஆரம்பித்தாள். இவர்களுடையது ஏழாவது.

சத்தியத்தை மீறினால், யார்மேல் செய்தோமோ அவருக்கு ஆகாது. அதைக் கேட்டே வளர்ந்தவள் வடிவு. விளையாட்டுக்குக்கூட ஒருத்தர் தலையில் அடித்து அவள் சத்தியம் செய்ததில்லை. மீறினாலும் போய்விடுவார், மீறாவிட்டாலும் போய்விடுவார் என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வது?

மூன்றாவது கட்டில்.

வேட்டியை விலக்கி வயிற்றில் லேசாகக் கை வைத்தாள். பலகையாட்டம் இருந்தது. முகத்தைச் சுளித்தார். வலிக்கவே இல்லை என்றார்.

ஆறாவது.

வடிவு அட்டையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

தெர்மாமீட்டரைப் பார்த்த சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காய்ச்சலே இல்லை, அண்ணாச்சி நாளைக்கு வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தாள்.

அவர் வடிவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"சிஸ்டர், அத எழுதாதீங்க."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. முழங்கால் வலி, வெந்நீர், விடிகாலை நடுக்கம், எல்லாவற்றையும் கொட்டினாள். சிஸ்டர் அவருடைய நாடியைப் பிடித்தாள். வயிற்றைத் தொட்டாள். மற்ற கட்டில்களை அப்படியே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மணிக்கட்டிலிருந்து அவர் கை விலகியது.

ஸ்கேன் எடுத்தார்கள். கசிவுதான். உடனே திறந்தாக வேண்டும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சம்மதமா என்று கேட்டதற்கு மந்திரமூர்த்தி சரி என்று தலையை மட்டும் அசைத்தார். காட்டின இடத்திலெல்லாம் வடிவு கையெழுத்துப் போட்டாள்.

அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தாள். ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். காலைத் தொட்டாள். இழுத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. பிடித்துக்கொண்டே கூட ஓடினாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், இதற்குமேல் வரக்கூடாது என்று தடுத்தார்கள்.

குனிந்து அவர் காதோடு சொன்னாள்.

"பேசாதீங்க. இன்னும் இருவது வருஷம் எங்கூடப் பேசாமலே இருங்க."