மேடை ஏறிய நாற்காலிகள்

மேடையில் ஐந்து நாற்காலிகள் போதும் என்று நினைத்ததுதான் கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர் உமையாள் செய்த பிழை. நடுவில் அமர்ந்திருந்த துணைவேந்தர் முதல் வரிசையில் டீனைப் பார்த்துவிட்டு, "அவரைக் கீழ உக்கார வெச்சா நல்லா இருக்காதும்மா," என்றார். அரங்க ஊழியர் செல்லத்துரை டீனின் நாற்காலியைத் தூக்கி மேடையில் போட்டார். டீன் ஏறிய பிறகு துறைத் தலைவர்கள் எப்படிக் கீழே இருப்பார்கள்? அவர்களும் ஏறியதும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் முகம் சுருங்கியது. சுருங்கிய ஒவ்வொரு முகத்துக்கும் கீழேயிருந்து ஒரு நாற்காலி போனது, கூடவே ஒரு பொன்னாடையும் போனது. பொன்னாடைத் தட்டுகளோடு ஏறிய மாணவர்கள் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுவிட்டார்கள். செத்துக்கொண்டிருக்கும் பவளப்பாறைகளின் ஓசையைக் கடலுக்கடியில் பதிவுசெய்து கொண்டுவந்திருந்த விஞ்ஞானி ஃபபியோலா ஒருவழியாக மைக்கைப் பிடித்தபோது, எதிரே உமையாள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும்மா நான் சொல்றது?"

"நான் கேக்குறேன் மேடம். நீங்க சொல்லுங்க."

ஃபபியோலா பதிவை ஓடவிட்டதும் கடுகு பொரிவதுபோல ஓர் ஓசை காலி அரங்கில் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது விட்டுவிட்டு வரத் தொடங்கியது. உமையாள் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தாள். துணைவேந்தர் மேலேயிருந்து கையசைத்தார்.

"நன்றியுரை சொல்றவங்க கீழ இருக்கலாமா? மேல வாங்கம்மா."

அவள் அசையவில்லை. செல்லத்துரை வந்து அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"எழுந்திருங்கம்மா. வேற நாற்காலி இல்ல."