ராக்கிக்குச் சுட்ட பிஸ்கட்

"நாய்க்கு முட்டை போட்டு பிஸ்கட்டு, எனக்கு உப்பில்லாத கூழு. இந்த வூட்ல யாரு மனுசன்னு நீயே வந்து கேளுக்கா."

தம்பி ஜூடு போனில் இப்படி அழுததும் இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மறுநாளே திட்டக்குடியில் பஸ் ஏறிவிட்டாள். உட்கார இடம் கிடைத்தால்தானே? விருத்தாசலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்ததில் முட்டி ரெண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. தம்பி பெண்டாட்டி டெய்சியை இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்றுதான் படியேறினாள்.

உள்ளே போனால், போனில் கேட்டது அத்தனையும் கண்ணெதிரே இருந்தது.

டெய்சி ஒரு தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பு மாவு, துருவின கேரட், முட்டை போட்டுப் பிசைந்து, டம்ளரால் வட்டம் வட்டமாக அழுத்தி, முந்தின நாள் சாயங்காலமே சட்டியில் சுட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய், செராமிக் கம்பெனிச் சூளைமேல் வைத்து மொறுமொறுவென்று ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். மற்ற பெண்கள் அங்கே சாப்பாட்டைச் சூடு பண்ணுவார்கள். இவள் நாய்க்குப் பலகாரம் காய வைக்கிறாள்!

விடிந்ததிலிருந்து அகல் விளக்குகளுக்கு ஓரம் துடைத்துவிட்டு, மதிய இடைவேளையில் ஓடி வந்தவள். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. நிற்கவே தெம்பில்லை. அதற்குள் நாய்க்குச் சேவகம்.

ஜூடு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். சூளைக்குள் கனமான தட்டுகளைத் தூக்கி அடுக்கின ஆள். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து பாதி ஆளாக ஆக்கிவிட்டிருந்தன. பக்கத்தில் கூழ் ஆடை கட்டிப்போய் இருந்தது.

"பாத்தியாக்கா?"

"நீ பேசாம படுடா. நான் கேட்டுக்கறேன்."

கேட்டாள். மூச்சு விடாமல் கேட்டாள்.

"ஏண்டி, கட்டின புருஷன் எலும்பும் தோலுமா கெடக்கறான். அவன் வாய்க்கு ருசியா ஒண்ணு செய்ய நேரமில்ல. நாய்க்குச் செய்ய நேரமிருக்குதா? ஊர் சிரிக்காது?"

"சிரிக்கறாங்கதான் அண்ணி."

"வெக்கமா இல்ல?"

"வெக்கப்படக்கூடத் தெம்பில்ல அண்ணி."

"அவனுக்கு ரெண்டு பிஸ்கட்டு குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

டெய்சி டப்பாவை இறுக்கி மூடினாள். கட்டிலைப் பார்த்து வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். "இது ராக்கிக்கு. வேற யாரும் இதுல கை வெக்கக்கூடாது."

"சேசுவே! இப்படியும் ஒரு பொம்பளயா!"

டெய்சி டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். இஞ்ஞாசியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, செத்த பின்பக்கம் வாங்க. கொடம் தூக்கணும்."

குடமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பின்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள் டெய்சி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

ஜூடு எழுந்து உட்கார்ந்தான். வாசலை ஒரு பார்வை பார்த்தான். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டான். இன்னொன்று. வாலாட்டிக்கொண்டு வந்த ராக்கிக்கு ஒன்றை எறிந்துவிட்டு, அவசர அவசரமாக அடுத்ததைக் கடித்தான்.

இஞ்ஞாசியம்மாள் கதவிடுக்கில் இன்னும் நெருங்கிக் கண்ணை வைத்தாள்.

"உப்பும் கூடாது, சக்கரையும் கூடாதுன்னுட்டாங்க அண்ணி," டெய்சி கிசுகிசுத்தாள். "எதைக் குடுத்தாலும், நான் என்ன சீக்காளியான்னு தட்டைத் தள்ளிடறாரு. வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டாரு. என் உசுரே போயிடுச்சு. இதே பிஸ்கட்ட, உங்களுக்குத்தான் செஞ்சேன்னு குடுத்துப் பாத்தேன். வீசி அடிச்சாரு. ராக்கி பொறுக்கித் தின்னுச்சு. சரி, அதுக்காவது ஆவட்டும்னு மிச்சத்த எடுத்து வெச்சேன். சாயங்காலம் வந்து பாத்தா டப்பா காலி."

"நாயி தின்னிருக்கும்."

"நாயி மூடியத் தொறந்து, மறுபடியும் மூடியும் வெக்குமா அண்ணி?"

இஞ்ஞாசியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"அப்ப இது ராக்கிக்கு இல்லியா?"

"அதுக்கும்தான். நாய்க்கும் உப்பு, சக்கர ஆவாதாமே. ஒரே மாவுல ரெண்டு பேருக்கும் ஆயிடுது."

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா பாசத்துல நீங்க அவுருகிட்டச் சொல்லிடுவீங்க. தனக்குத்தான் செய்யறேன்னு தெரிஞ்சா இதையும் விட்டுடுவாரு." டெய்சி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாரும் என்னத் திட்டட்டும் அண்ணி. நீங்கள்லாம் திட்டறதாலதான், இது நாய்க்குத்தான்னு அவுரு நம்பறாரு."

உள்ளே ஜூடு இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெய்சியின் காதருகே குனிந்தாள்.

"நான் நாலு நாள் இருக்கேன். மாவு நான் பெசஞ்சு வெக்கறேன். நீ செத்த ஒக்காரு."

பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"என் தம்பி வூட்ல நாய்க்குத்தான்டி ராஜ உபசாரம்! அவன் கண்ணுல ஒரு பிஸ்கட்டக் காட்டறியா நீ?"