மாமி வரட்டும், சார்

“போதும், ரஃபீனா. நிறுத்து.”

ரமேஷ்பாபு சார் சொன்னது காதிலேயே விழாத மாதிரி, கட்டிலில் கிடந்த பெரியவரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள் ரஃபீனா.

“மானிட்டரைப் பாரு. ஆள் போயாச்சு. விலா எலும்பு வேற உடைஞ்சிருக்கும். யாருக்காக இந்த நாடகம்?”

அவர் கேட்டதில் என்ன தப்பு? அவர் யூனிட் சீஃப். இவள் முதல் வருஷ பி.ஜி. டாக்டர். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதானே.

“மாமி வரட்டும், சார். ப்ளீஸ்.”

“எந்த மாமி?”

“இவரோட வைஃப், கமலாக்ஷி மாமி. ஒழுங்கா சாப்பிடாம, தூங்காம இந்த ஸ்டூல்லயே கிடந்தாங்க. மயக்கம் போட்டு விழற மாதிரி இருந்துச்சு. நான்தான் சத்தம் போட்டு கேன்டீனுக்கு அனுப்பினேன். ஒரு சாயாவாவது குடிச்சிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு சொன்னேன் சார்.”

பேசும்போதும் அவள் கை நிற்கவில்லை.

“திரும்பி வந்து, போயிட்டார்னு கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க. கடைசி நேரத்துல விட்டுட்டுப் போனேனேன்னு காலத்துக்கும் அழுவாங்க. என்னாலதான் சார். செக்யூரிட்டி தேடிப் போயிருக்கார். இப்ப வந்துடுவாங்க.”

ரஃபீனா கொச்சி மட்டாஞ்சேரியில் வளர்ந்த தமிழ்ப் பெண், அந்தப் பெரியவர் வெங்கிடராமன் மாமாவும் மட்டாஞ்சேரி. அத்தனை பெரிய மலையாள ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஒரு டாக்டர் கிடைத்ததில் மாமாவுக்கும் மாமிக்கும் ஏக சந்தோஷம். ‘நம்மாத்துப் பொண்ணு’ என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

சார் கை நீட்டி மானிட்டரை அணைத்தார்.

“தள்ளு. உனக்குக் கை ஓஞ்சு போச்சு” என்று அவரே அமுக்க ஆரம்பித்தார்.

கட்டிலைச் சுற்றியிருந்த திரை விலகியது. கமலாக்ஷி மாமி.

“வாங்க மாமி. மாமாவுக்கு ரொம்ப முடியலை. ஆனா உயிர் இருக்கு. கையைப் பிடிச்சுப் பேசுங்க, கேக்கும்” என்றாள் ரஃபீனா.

மாமி ஸ்டூலில் உட்கார்ந்து கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் வந்துட்டேன், கேட்டேளா? எங்கேயும் போகலை. பட்டதெல்லாம் போறும். நீங்க நிம்மதியாப் போங்கோ.”

சார் கையை எடுத்தார். ரஃபீனா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள்.

“இப்பத்தான் மாமி... நீங்க பேசினதைக் கேட்டுட்டுத்தான்...”

ரஃபீனா அழுதுவிட்டாள். மாமி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“அழாதே கொழந்தே. நான் வர்ற வரைக்கும் அவரைப் பிடிச்சு வெச்சிருந்தியே. அது போறும் எனக்கு.”

சாயங்காலம் ஆம்புலன்ஸில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பும்போது, மகன் விஸ்வநாத் அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டான்.

“உன் கையைப் பிடிச்சுண்டேதான் அப்பா போனார்னு அந்த டாக்டர் பொண்ணு சொன்னா. அந்தக் கொடுப்பினையாவது இருந்துதேம்மா.”

மாமி தலையை ஆட்டினாள்.

“இல்லேடா. நான் கேன்டீனுக்கே போகலை. மனசு கேக்காம பாதி வழியிலேயே திரும்பிட்டேன். அவர் போயிட்டார்னு பெரிய டாக்டர் சொன்னப்போ திரைக்கு வெளியிலதான் நின்னுண்டிருந்தேன். உள்ளே வரக் காலே எழலை. அப்புறம், எல்லாம் தன்னாலதான்னு அந்தப் பொண்ணு சொன்னதையும் கேட்டேன்.”

“எல்லாம் தெரிஞ்சுண்டா அப்படிப் பேசினே? ஏம்மா?”

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, பாவம், இனிமே ஒருத்தரையும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்ல அந்தக் கொழந்தைக்கு வாய் வராதுடா.”