கம்பிக்கு வெளியே ஒரு கை

பிளேக் என்று ரேடியோ சொன்னதிலிருந்து மதுக்கரையில் இந்தத் தெரு கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. சூசைமேரி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இடது கையை வெளியே நீட்டியிருக்கிறாள், வளையலில் காலை வெயில். இதயத்தில் வால்வு மாற்றியவள். இரத்தம் உறையாமலிருக்கத் தின்னும் மாத்திரைக்கு மாதாமாதம் சோதனை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து இந்த மாதம் விட்டுவிடத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் எடுக்கும் ரசாக்கே கோவையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்துவிட்டார். "நானு நாள் பூரா காய்ச்சக்காரங்க நடுவுல நிக்கறவனுங்க அம்மணி, உள்ள வரலீங்க." மூக்கை மறைத்த கைக்குட்டை வேர்வையில் ஒட்டியிருக்கிறது. இரத்தம் எடுத்து ஊசியை உருவியதும் பஞ்சை அவரே அழுத்திப் பிடிக்கிறார். "ஆலைச் சங்கு ஊதற வரைக்கும் உடக்கூடாதுங்க." எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று மூடிக்கொள்கிறது. அவர் விரல் அசையவில்லை. சங்கு ஊதி ஓய்கிறது. அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்குகிறாள். "உள்ள வாங்கண்ணா. காப்பி குடிச்சுப்போட்டுப் போவீங்களாம்."