குறுக்குச் சட்டம்

சாப்பாட்டு மேஜையின் முன்கால்கள் இரண்டையும் முழங்கால் உயரத்தில் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையை அறுத்து முடித்து, மறுமுனையைத் தம்பி அறுத்துக்கொண்டிருக்கிறான். ரம்பம் போய்வரும்போதெல்லாம் அவனுடைய சக்கர நாற்காலி அசைகிறது. ஜன்னல் வெயிலில் மினுங்கும் மரத்தூள் அவன் மடியில் படிகிறது. விபத்துக்குப் பிறகு, இந்தச் சட்டம்தான் அவனை மேஜைக்குள் விடாமல் வழிமறிக்கிறது. வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிட, அவன் மட்டும் ஓரமாக, மடியில் தட்டோடு. உள்ளே வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்துகிறான்.

“நல்லா இருக்கிற மேஜையை எதுக்குடா நாசம் பண்ற?”

“நல்லா இருக்கா? யாருக்கு?”

“சொல்லியிருந்தா கார்பென்டரைக் கூப்பிட்டிருப்பேன்ல?”

“போன வருஷத்துலேருந்து சொல்லிட்டுதான் இருக்கேன். நீ தலையை மட்டும் ஆட்டுன.”

“மேஜை ஆட்டம் கண்டுரும்டா. கொடு இங்க.” அண்ணன் ரம்பத்தைப் பிடிக்கிறான். தம்பி விடவில்லை, கழுத்து நரம்பு புடைக்கிறது. “மூலைக்கு மூலை இரும்புப் பட்டை போட்டிருக்கேன். குனிஞ்சு பாரு.” அண்ணன் குனியவில்லை, ஆனால் கையை எடுத்துக்கொள்கிறான். கடைசி இழுப்பில் சட்டம் தடாலென்று தரையில் விழுகிறது. தம்பி அதை ஒதுக்கிவிட்டு, விளிம்பு நெஞ்சைத் தொடும்வரை சக்கரங்களை உருட்டி உள்ளே போகிறான். இரண்டு முழங்கைகளையும் பலகைமேல் ஊன்றுகிறான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டுகிறான்.

“இப்ப உட்காரு. பேசலாம்.”