ஏழால் பெருக்கினால்

டயகமத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கமிட்டித் தெரிவு. போன வருஷத் தலைவர் இந்த வருஷம் பொருளாளர், பொருளாளர் செயலாளர். எப்போதும் அதே ஆறு பேர்தான். தேரன்று தலைவர் தலையில் மட்டும் பூசாரி பரிவட்டம் கட்டுவார்.

வாத்தியார் தணிகாசலம் எழுந்து, தரையில் கரித்துண்டால் 142857 என்று எழுதினார்.

"இதை ரெண்டால பெருக்கினா 285714. மூணால பெருக்கினா 428571. ஆறு வரைக்கும் பெருக்கிப் பாருங்க, அதே இலக்கங்கதான் இடம் மாறி உக்காரும். நம்ம கமிட்டி மாதிரி!"

கூட்டம் சிரித்தது. இந்த வருஷத் தலைவர் கந்தப்பன் கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏழால பெருக்கினா?" என்று கேட்டார் அவர்.

"999999. எல்லாம் சமமாயிரும். அதனால ஏழாவதா ஒரு புது ஆளைச் சேருங்க."

"அப்ப நீங்களே வந்துருங்க வாத்தியாரய்யா."

வாத்தியார் அதற்குத்தான் காத்திருந்தார்.

தேர் நாள். பூசாரி வரிசையாகப் பழைய ஆறு பேர் தலைகளிலும் பரிவட்டம் கட்டினார். வாத்தியார் தலையைக் குனிந்தார். பரிவட்டத் தட்டு காலி.

"என்னங்க இது?"

"நீங்க சொன்னபடி ஆறு பேரும் சமமாயிட்டோம், எல்லாருமே தலைவருங்க," என்றார் கங்காணி.

"அப்ப நானு?"

"ஏழால பெருக்கின விடையில ஏழு எங்கயாச்சும் இருக்குங்களா, வாத்தியாரய்யா?"