முபீனாவின் பக்கம்

பிரிசில்லா காத்திருந்தாள். 'ஆனால்' என்று ஒரு சொல் வரும். வந்ததும் பாயலாம்.

வரவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த முபீனா, கணக்கு டீச்சர், நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்னது தன் கட்சி அல்ல. பிரிசில்லாவின் கட்சி.

"எந்த ஊருலயும் யூதர்களை நிம்மதியா இருக்க விடல. லட்சம் லட்சமா கொன்னாங்க. தப்பிச்சு ஓடுனவங்களுக்குப் பல நாடு கதவே திறக்கல. யாரும் துரத்த முடியாத ஒரு இடம் வேணும்னு நெனச்சாங்க. காலங்காலமா தொழுகையில பேர் சொல்லிக் கேட்ட இடம். இப்பவும் கச்சேரிக்குப் போன பசங்களைச் சுட்டுக் கொன்னாங்க. அந்தப் பயம் பொய்யில்ல."

நிமிர்ந்து பார்த்தாள். "சரியா சொன்னேனா?"

பிரிசில்லா தலையசைத்தாள். தன்னால்கூட இவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்ததில்லை.

போன மாதம் இதே ஆசிரியர் அறையில்தான் சண்டை. பிரிசில்லாவின் தம்பி அந்த யூத நாட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். அன்று அங்கே தாக்குதல் என்று செய்தி வந்தது, அவன் போன் எடுக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"எல்லாம் உங்க ஆளுங்கதான்."

முபீனா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அதன்பின் ஆளுக்கொரு மூலை.

இன்று முபீனாவேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சண்டை போடுவோம் பிரிசி. ஒழுங்கா போடுவோம். மொதல்ல உன் பக்கத்தை நான் சொல்றேன். அப்புறம் என் பக்கத்தை நீ சொல்லு."

இப்போது பிரிசில்லாவின் முறை.

"அங்க ஏற்கெனவே ஜனங்க இருந்தாங்க. வீடு, வயல், ஆலிவ் தோட்டம். ஐரோப்பாவுல நடந்த கொலைக்கு அவங்க காரணமில்ல. விலை கொடுத்தது என்னவோ அவங்கதான். போர் வந்தப்ப ஊரை விட்டுப் போயிட்டாங்க…"

முபீனா கையை உயர்த்தினாள்.

பிரிசில்லா நிறுத்தினாள். வரலாறு சொல்லித்தருகிறவள். அந்த வாக்கியத்தில் எதை விழுங்கினோம் என்று அவளுக்குத் தெரியும்.

"சிலர் பயந்து ஓடுனாங்க. நெறைய பேரைத் துரத்துனாங்க. திரும்பி வர விடல."

கை இறங்கியது.

"இப்ப காசாவுல…"

'ஆனா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் பணயக் கைதிகள், சுரங்கங்கள், எல்லாம் வரிசையில் நின்றன. அவற்றுக்கும் நேரம் வரும்.

இது அந்த நேரமல்ல.

"காசாவுல புள்ளைங்க கையில பேர் எழுதி வைக்கிறாங்க. செத்தா யாருன்னு தெரியணுமேன்னு. பெத்தவங்களே எழுதுறாங்க."

முபீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியை கதவருகே வந்து நின்றார்.

"பெல் அடிச்சு எவ்ளோ நேரம் ஆச்சு டீச்சர். உங்க க்ளாஸ் ஒரே கத்தல்."

பிரிசில்லா எழவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மேடம். முபீனா பக்கம் இன்னும் முடியல."